85 எடுத்தேன், 58 என்று போயிருக்கிறது: நிராகரித்த பல்கலைக்கழகத்துக்கு அப்பீல் செய்யலாமா?

கேள்வி: நான் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. இயந்திரப் பொறியியல் படிக்க வெளிநாட்டில் எட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தேன். இரண்டில் இடம் கிடைத்தது. ஒன்றில் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறேன். மற்ற ஐந்தும் இல்லை என்றுவிட்டன. நான் ரொம்பவும் ஆசைப்பட்ட இடமும் அந்த ஐந்தில் ஒன்று. சந்தேகப்பட்டு, பள்ளியிலிருந்து அனுப்பிய மதிப்பெண் பட்டியலின் நகலை வாங்கிப் பார்த்தேன். அரையாண்டு இயற்பியலில் நான் எடுத்தது 85. அதில் 58 என்று இருக்கிறது. "கிளார்க் பண்ணின தப்பு" என்கிறார்கள். அப்பா, தானே அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதுகிறேன் என்கிறார். ஆசிரியர் ஒருவர் இன்னும் மூன்று சிபாரிசுக் கடிதங்கள் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். இடம் கிடைத்த கல்லூரியில் முன்பணம் கட்ட மூன்று வாரம்தான் இருக்கிறது. அப்பீல் முடிவு தெரியும்வரை கட்டாமல் இருக்கலாமா? தூக்கம் வருவதில்லை. மணிக்கு ஒரு தடவை அந்த முடிவுப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பதில்:

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம், கெடு ஓடிக்கொண்டிருப்பது அங்கேதான். முன்பணத்தைக் கட்டிவிடுங்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் பெரும்பாலானவை பதில் சொல்ல மே 1 வரை நேரம் தருகின்றன. அப்பீல் முடிவு பல சமயம் அந்தத் தேதி தாண்டித்தான் வரும். வராத பதிலுக்காகக் காத்திருந்து வந்த இடத்தை விட்டவர்களுக்கு அதன் பிறகு யாராலும் உதவ முடிவதில்லை. ஒரு கல்லூரியில் முன்பணம் கட்டிவிட்டு, இன்னொன்றின் காத்திருப்போர் பட்டியலில் நிற்கலாம்; மூன்றாவதில் அப்பீலும் செய்யலாம். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. செய்யக்கூடாதது, இரண்டு கல்லூரிகளில் ஒரே நேரத்தில் முன்பணம் கட்டி வைப்பது. அதைக் கல்லூரிகள் முறைகேடாகவே பார்க்கின்றன. தெரிந்தால் இரண்டு இடமும் கைநழுவலாம். கட்டும் பணம் பெரும்பாலும் திரும்பி வராது. நாளைக்கு அப்பீல் பலித்தால் இந்தத் தொகை போனது போனதுதான் என்பதை வீட்டில் இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

இனி அப்பீல். உங்களிடம் இருப்பது உண்மையான காரணம். அப்பீல் எழுதுகிறவர்களில் பலரிடம் அது இருப்பதில்லை. "என்னைச் சரியாக எடை போடவில்லை" என்றுதான் அவர்கள் எழுதுகிறார்கள். தேர்வுக் குழு அதற்காகத் தன் தீர்ப்பை மாற்றிக்கொள்ளாது. அதே கோப்பை இன்னொரு தடவை வாசித்தால் அதே முடிவுதான் வரும். அவர்கள் திரும்பிப் பார்ப்பது, கோப்பில் பிழை இருந்தது, அல்லது முக்கியமான ஒன்று கோப்பில் இல்லவே இல்லை என்று காட்டும்போதுதான். உங்கள் கோப்பில் பிழை இருந்திருக்கிறது, அதுவும் பொறியியல் விண்ணப்பத்தின் இயற்பியல் மதிப்பெண்ணில். அந்தப் பிழையை ஆவணத்தோடு காட்டுவதற்கு மேல் ஒரு வரியும் உங்கள் அப்பீலில் வேண்டியதில்லை.

எழுதுவதற்கு முன் அந்தப் பட்டியலை ஒரு பேனாவோடு உட்கார்ந்து பாருங்கள். மற்ற நான்கு பாடங்களில் 92, 88, 90, 94 என்று வைத்துக்கொள்வோம். 85-ஐச் சேர்த்தால் மொத்தம் 449, சராசரி 89.8. இயற்பியலை 58 என்று போட்டுக் கூட்டினால் 422, சராசரி 84.4. அனுப்பிய பட்டியலில் மொத்தம் என்ன போட்டிருக்கிறது? 58 என்று அச்சாகியும் மொத்தம் 449 என்றே இருந்தால், அந்தத் தாளே தட்டச்சுப் பிழைக்குச் சாட்சி. வேறு விளக்கம் தேவைப்படாது. மொத்தமும் 422 என்று இருந்தால் பிழை சராசரிக்கும் போயிருக்கிறது, வகுப்பு வரிசை எண் கொடுத்திருந்தால் அதற்கும் போயிருக்கலாம். அப்படியானால் திருத்திய பட்டியலில் மூன்றும் மாற வேண்டும். ஒற்றை எண்ணை மட்டும் மாற்றி, மொத்தத்தை அப்படியே விட்டு அனுப்பிய திருத்தப் பட்டியல், படிப்பவருக்கு முதல் பட்டியலைவிட அதிகச் சந்தேகத்தைக் கொடுக்கும்.

இந்த வேலையில் பலரும் கவனிக்காமல் விடுகிற ஒன்று உண்டு. அந்தப் பட்டியல் எட்டு இடங்களுக்கும் போயிருக்கிறது. எனவே திருத்தமும் எட்டு இடங்களுக்கும் போக வேண்டும். இடம் கொடுத்த இரண்டுக்குமா என்று கேட்பீர்கள். ஆமாம். இறுதி மதிப்பெண் பட்டியல் போய்ச் சேரும்போது அவர்களும் பழைய தாளோடு ஒப்பிடுவார்கள், அப்போது முளைக்கிற கேள்விக்கு இப்போதே பதில் சொன்ன மாதிரி ஆகும். ஆனால் திருத்தம் அதிகம் பலன் தரக்கூடிய இடம், உங்களைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்திருக்கும் பல்கலைக்கழகம். அங்கே உங்கள் கோப்பு இன்னும் மூடப்படவில்லை. அப்பீல் என்ற பேச்சே இல்லாமல், "இணைப்பில் உள்ளது என் திருத்திய அரையாண்டு மதிப்பெண் பட்டியல்" என்று சேர்த்துவிடலாம். காத்திருப்போர் பட்டியலில் தொடர விரும்புவதாக அவர்கள் கேட்டிருக்கும் படிவத்தையும் நிரப்பிவிடுங்கள். அதை நிரப்பாதவர்களைப் பல இடங்களில் விலகிக்கொண்டவர்களாகவே எடுத்துக்கொள்வார்கள். உள்ளே வரும் வாய்ப்பைக் கணக்குப் பார்த்தால், ஆசைப்பட்ட இடத்துக்கு எழுதும் அப்பீலைவிட இந்தக் கடிதத்துக்கே என் ஓட்டு. அதனால் இதை முதலில் அனுப்புங்கள்.

அடுத்து, அந்த ஆசைப்பட்ட பல்கலைக்கழகம் அப்பீலை ஏற்கிறதா என்று பாருங்கள். எல்லாரும் ஏற்பதில்லை. ஸ்டான்ஃபோர்ட் சேர்க்கை முடிவுகளுக்கு மேல்முறையீடு கிடையாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் ஏற்கின்றன, ஆனால் முதல் விண்ணப்பத்தில் இல்லாத, புதிய, வலுவான தகவல் வேண்டும் என்பது நிபந்தனை. பிரிட்டனில் பல்கலைக்கழகங்கள் பொதுவாக நடைமுறைப் பிழைக்கு மட்டுமே இடம் தருகின்றன. தேர்வாளரின் கல்விசார் மதிப்பீட்டை எதிர்த்து அங்கே வாதாட முடியாது. அதனால் சேர்க்கைப் பக்கத்தில் "அப்பீல்" அல்லது "மறுபரிசீலனை" என்ற சொல்லைத் தேடி, அந்தப் பக்கத்தை வரி வரியாகப் படியுங்கள். கடைசித் தேதி என்ன, எந்த நாட்டு நேரப்படி என்று குறித்துக்கொள்ளுங்கள். "இரவு 11.59" என்பது அவர்கள் ஊர் நள்ளிரவு, உங்களுக்கு அது மறுநாள் நண்பகலாகவும் இருக்கலாம், அதே நாள் மாலையாகவும் இருக்கலாம். படிவமா மின்னஞ்சலா, எத்தனை எழுத்துக்குள் எழுத வேண்டும், இணைப்பு சேர்க்கலாமா, யார் எழுத வேண்டும் என்பதையும் பாருங்கள். பக்கத்தைப் பிடிஎஃப் ஆகச் சேமித்து வையுங்கள். நிராகரிப்புக் கடிதத்தையும், நீங்கள் அனுப்பிய விண்ணப்பத்தையும்கூட. சில போர்ட்டல்கள் சில வாரங்களில் மூடிவிடும், பிறகு என்ன எழுதினோம் என்று பார்க்கவே வழியிருக்காது.

பக்கத்தில் எதுவும் இல்லை என்றால் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு போன் செய்யுங்கள். "என்னை ஏன் எடுக்கவில்லை" என்று கேட்காதீர்கள். போனை எடுப்பவருக்கு அது தெரியாது, தெரிந்தாலும் சொல்ல அனுமதி இருக்காது. கேட்க வேண்டியது: "என் பள்ளி அனுப்பிய மதிப்பெண் பட்டியலில் ஒரு பிழை இருந்ததைக் கண்டுபிடித்திருக்கிறோம். திருத்திய பட்டியலை அனுப்பினால் என் விண்ணப்பத்தை மறுபடி பார்க்க உங்களிடம் வழிமுறை உண்டா? பள்ளி அதை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும்?" பேசியவரின் பெயர், தேதி, நேரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வழியே இல்லை என்று சொன்னால் திருத்தத்தைப் பள்ளி மூலம் அனுப்பிவிட்டு அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். வேறு வேறு ஆட்களுக்கு வேறு வேறு நாளில் எழுதிப் பார்ப்பதில் பயனில்லை. எல்லாக் கடிதமும் ஒரே கோப்பில்தான் போய்ச் சேரும்.

தேர்வுக் குழு எழுதிய குறிப்புகளைக் கேட்டு வாங்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அமெரிக்காவில் கல்விப் பதிவுகளைப் பார்க்கும் உரிமை தருகிற சட்டம், அந்தக் கல்லூரியில் சேர்ந்து படித்தவர்களுக்குத்தான்; இடம் மறுக்கப்பட்ட விண்ணப்பதாரருக்குப் பொருந்தாது. பிரிட்டனில் தனிநபர் தகவல் சட்டப்படி கேட்கலாம், பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். அந்த ஒரு மாதத்தில் அப்பீல் கெடு முடிந்திருக்கும். உங்கள் விஷயத்தில் அது தேவையும் இல்லை, ஆதாரம் உங்கள் பள்ளியிலேயே இருக்கிறது.

ஆனால் பள்ளியிடமிருந்து அதை எழுத்தில் வாங்குவதுதான் சிரமம். வாயால் "கிளார்க் தப்பு" என்று சொல்வார்கள். லெட்டர்ஹெட்டில் எழுதச் சொன்னால் தயங்குவார்கள். பள்ளியின் பெயர் கெடும் என்ற பயம். அவர்களுக்குச் சொல்லுங்கள்: பிழையை ஒப்புக்கொண்டு தானே திருத்தி அனுப்புகிற பள்ளியின் மீது சேர்க்கை அலுவலகங்களுக்கு நம்பிக்கை கூடும், குறையாது. மாணவியே வந்து சொல்லி, பள்ளி வாயை மூடிக்கொண்டிருந்தால்தான் சந்தேகம் வரும். முதல்வரின் கடிதத்தில் இருக்க வேண்டியவை ஐந்தே விஷயங்கள்: எந்தத் தேதியில் அனுப்பிய எந்தப் பட்டியல்; அதில் என்ன எண் இருந்தது; பதிவேட்டில் உள்ள சரியான எண் என்ன; பிழை எப்போது, எப்படித் தெரியவந்தது; அது அலுவலகத்தில் நேர்ந்தது, மாணவிக்கு அதில் பங்கில்லை. கையெழுத்து, முத்திரை, பள்ளியின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சல் முகவரி. "ஒழுக்கமான, திறமையான மாணவி" என்ற பத்தி வேண்டாம் என்று பணிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். திருத்தக் கடிதத்தில் புகழ்ச்சி கலந்தால் சிபாரிசு வாசனை அடிக்கும்.

இந்தக் கடிதமும் திருத்திய பட்டியலும் பள்ளியிலிருந்து நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும், முதல் பட்டியல் எந்த வழியில் போனதோ அதே வழியில். நீங்கள் ஸ்கேன் செய்து உங்கள் மின்னஞ்சலில் அனுப்புவதை அதிகாரப்பூர்வமற்ற நகலாகவே வைத்துக்கொள்வார்கள். அதிகம் கோளாறாவதும் இந்த இடத்தில்தான். பள்ளி தன் சொந்த ஜிமெயிலிலிருந்து அனுப்பும், அது குப்பை அஞ்சலில் விழும். அல்லது விண்ணப்ப எண் இல்லாமல் வெறும் பெயர் மட்டும் போட்டு அனுப்பும், கோப்போடு சேராமல் நிற்கும். பெயரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: பள்ளிப் பதிவில் இனிஷியலோடு, விண்ணப்பத்தில் அப்பா பெயர் விரித்து, பாஸ்போர்ட்டில் வேறு வரிசையில் என்றிருந்தால் கணினிக்கு நீங்கள் மூன்று பேர். விண்ணப்பத்தில் உள்ளபடியே பெயர், பிறந்த தேதி, விண்ணப்ப எண் இவற்றை ஒரு தாளில் எழுதிப் பள்ளி அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள், அதைப் பார்த்தே அடிக்கட்டும்.

ஒரு விதிவிலக்கு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் விண்ணப்பத்தில் மதிப்பெண்களை மாணவரே நிரப்ப வேண்டும். பள்ளிப் பட்டியல் இடம் கிடைத்த பிறகுதான் கேட்கப்படும். அங்கே தவறான எண் போயிருந்தால் அதை அடித்தது நீங்கள். அப்படியிருந்தால் கிளார்க் மேல் போடாமல், "நான் நிரப்பும்போது தவறாக அடித்துவிட்டேன்" என்று எழுதுங்கள். அந்த வாக்கியத்துக்காக யாரும் உங்களைத் தள்ளிவைக்க மாட்டார்கள்.

இப்போது உங்கள் கடிதம். ஒரு பக்கத்துக்குள் முடிய வேண்டும், 250 முதல் 300 சொற்கள் தாராளம். அவர்கள் மொழியில் எழுதுவீர்கள், ஆனால் உள்ளடக்கம் இந்த அளவில் இருக்கட்டும்:

"மதிப்புக்குரிய சேர்க்கைக் குழுவினருக்கு, என் விண்ணப்பத்தோடு வந்த அரையாண்டு மதிப்பெண் பட்டியலில் இயற்பியல் மதிப்பெண் தவறாகப் பதிவாகியிருந்ததால், முடிவை மறுபரிசீலனை செய்யுமாறு கேட்டு எழுதுகிறேன். பட்டியலில் 58 என்று உள்ளது; பள்ளிப் பதிவேட்டில் உள்ள மதிப்பெண் 85. இதனால் அந்தப் பருவத்தின் சராசரி 89.8 என்பதற்குப் பதில் 84.4 என்று காட்டப்பட்டது. பட்டியல் பள்ளியிலிருந்து நேரடியாக அனுப்பப்பட்டதால் முடிவு வெளியாகும்வரை நான் அதைப் பார்க்கவில்லை. முடிவுக்குப் பிறகு நகலைக் கேட்டு வாங்கியபோதுதான் பிழை தெரிந்தது. எங்கள் பள்ளி முதல்வர் விளக்கக் கடிதத்தையும் திருத்திய பட்டியலையும் உங்களுக்கு நேரடியாக அனுப்பியிருக்கிறார். நான் விண்ணப்பித்திருப்பது இயந்திரப் பொறியியல் துறைக்கு. இயற்பியலில் என் முந்தைய ஆண்டு மதிப்பெண்களும் திருத்திய எண்ணோடு ஒத்திருப்பதை என் கோப்பில் காணலாம். இடம் கிடைத்தால் சேர்வேன். நேரம் ஒதுக்கிப் படித்ததற்கு நன்றி."

சராசரிகளுக்கு உங்கள் உண்மையான எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தில் "இந்தப் பிழையால்தான் என்னை நிராகரித்தீர்கள்" என்று எங்கும் இல்லை. அது உங்களுக்குத் தெரியாது. சொன்னால் அவர்கள் மறுக்க ஒரு வாசல் திறந்துவிடுவீர்கள். முந்தைய ஆண்டு மதிப்பெண் பற்றிய வரி மட்டும் வாதம் மாதிரி இருக்கிறது, அதுவும் ஏற்கனவே அவர்கள் கையில் இருக்கிற தாளைத்தான் சுட்டுகிறது. பத்தாம், பதினொன்றாம் வகுப்பில் உங்கள் இயற்பியல் மதிப்பெண் எண்பதுகளில் இல்லை என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். "இடம் கிடைத்தால் சேர்வேன்" என்பதையும் மெய்யாகவே சேர்வதாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். கடைசி வரை சிறுவயதுக் கனவு, அந்த வளாகத்தின் மரங்கள், தாத்தாவின் ஆசை எதுவும் வர வேண்டாம். உங்களைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்த தோழிக்குக் கிடைத்தது என்ற ஒப்பீடு வரவே கூடாது. தோழியின் முழுக் கோப்பை நீங்கள் பார்த்ததில்லை, குழு பார்த்திருக்கிறது.

அப்பா எழுத வேண்டாம். அப்பீலைப் பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பித்த மாணவரிடமிருந்து மட்டுமே எடுத்துக்கொள்கின்றன. எடுத்துக்கொள்ளும் இடத்திலும், பெற்றோர் கடிதம் "இந்தப் பெண் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளாதோ" என்ற எண்ணத்தைத்தான் விதைக்கும். அப்பாவுக்கு வேறு வேலை இருக்கிறது. பள்ளி முதல்வரை நேரில் பார்த்து அந்தக் கடிதத்தை வாங்கித் தரட்டும். அங்கே பெரியவர் ஒருவர் போய் நிற்பதற்கு மதிப்பு உண்டு. ஆசிரியரின் மூன்று சிபாரிசுகளுக்கும் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். கேட்காத சிபாரிசுகளைப் பல இடங்களில் படிப்பதே இல்லை. படித்தாலும் ஏற்கனவே தெரிந்த "நல்ல மாணவி"யைத் தவிர அதில் ஒன்றும் இருக்காது, உங்கள் ஒற்றைப் பிழைத் திருத்தம் அந்தக் கும்பலில் காணாமல் போகும். சென்ற மாதம் வாங்கிய பரிசு, புதிதாக எழுதிய தேர்வின் மதிப்பெண் எல்லாமே இதே ரகம்.

வேறொரு காரணத்தோடு இதைப் படிக்கிறவர்களுக்கும் இரண்டு வரி. விண்ணப்பிக்கும் காலத்தில் கடும் நோய், வீட்டில் மரணம், தங்கும் இடமே இல்லாமல் போனது போன்றவை கோப்பில் சொல்லப்படாமல் இருந்தால், அவையும் புதிய தகவல்தான். ஆனால் "ஏன் அப்போதே சொல்லவில்லை" என்ற கேள்விக்குக் கடிதத்திலேயே பதில் இருக்க வேண்டும், தேதியோடு மருத்துவச் சான்றோ பள்ளிச் சான்றோ இணைந்திருக்க வேண்டும். காசு கொடுத்தால் உள்ளே சொல்லி வாங்கித் தருகிறேன், சான்று தயாரித்துத் தருகிறேன் என்று வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். போலி ஆவணம், சேர்ந்து இரண்டு வருடம் கழித்துத் தெரியவந்தாலும் சேர்க்கையை ரத்து செய்யக் காரணமாகும்.

அனுப்பியாயிற்று. இனிக் காத்திருப்பு, சில இடங்களில் இரண்டு மூன்று வாரம், சில இடங்களில் இன்னும் அதிகம். நடுவில் நினைவூட்டல் அனுப்பாதீர்கள். பள்ளி அனுப்பியது வந்து சேர்ந்ததா என்று மட்டும் ஒரு வாரம் கழித்து ஒரு முறை கேட்கலாம்.

அந்த முடிவுப் பக்கத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மணிக்கு ஒரு முறை திறப்பது, புதிதாக ஏதாவது வந்திருக்கும் என்பதற்காக இல்லை; காயத்தைத் தொட்டுப் பார்ப்பது போல. கடவுச்சொல்லை அம்மாவிடம் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள். பதில் வந்தால் மின்னஞ்சலில் அறிவிப்பு வரும், அம்மா தினம் ஒரு முறை, மாலையில், பார்க்கட்டும். யாருக்கு எங்கே கிடைத்தது என்று ஓடிக்கொண்டிருக்கும் வாட்ஸப் குழுக்களை ஒரு மாதம் ஊமையாக்கி வையுங்கள். வெளியேற வேண்டாம், அது தனியாக ஒரு பேச்சாகிவிடும். கேட்கிறவர்களுக்குச் சொல்ல ஒரே வாக்கியத்தை இப்போதே தயார் செய்துகொள்ளுங்கள்: "அங்கே கிடைக்கல, இரண்டு இடத்தில கிடைச்சிருக்கு, முடிவு பண்ணினதும் சொல்றேன்." வீட்டில் எல்லாரும் இதையே சொல்லட்டும். ஆளுக்கொரு விளக்கம் கொடுத்தால்தான் அடுத்த கேள்வி வரும். 58 விஷயத்தை உறவுக்காரர்களிடம் சொல்லாதீர்கள். பள்ளி மேல் வழக்குப் போடச் சொல்லி நாலு பேர் கிளம்புவார்கள், உங்களுக்குக் கடிதம் தர வேண்டிய முதல்வர் அதோடு கதவைச் சாத்திக்கொள்வார்.

ஒரு வாரம் அழுகையும் தூக்கமின்மையும் இருப்பது இயல்பு. இரண்டு வாரம் தாண்டியும் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். வாழ்ந்து என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் இரண்டு வாரம் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே வீட்டில் ஒரு பெரியவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், உங்கள் ஊரில் உள்ள அவசர உதவி எண்ணை அழையுங்கள். பெற்றோருக்கு: "இன்னும் கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்" என்ற வாக்கியத்தை இந்த மாதம் யாரும் பேச வேண்டாம். இந்தப் பெண் தன் மதிப்பெண்ணை 85-ஆகத்தான் எடுத்து வைத்திருந்தாள்.

அப்பீல் பலித்தால் பதில் சொல்லக் கிடைக்கும் நாட்கள் குறைவாக இருக்கும். உதவித்தொகையும் விடுதி இடமும் அதற்குள் பங்கிட்டு முடிந்திருக்கலாம். ஆமென்று சொல்வதற்கு முன் அந்த இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். உதவித்தொகை இல்லாமல் அங்கே போக முடியாது என்றால், கிடைத்த இடத்தையும் மறுக்க நேரலாம். அதை இப்போதே அப்பாவோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுவைப்பது நல்லது. சேர்வதாக முடிவானால் முன்பணம் கட்டிய கல்லூரிக்கு அதே நாளில் விலகல் கடிதம் அனுப்புங்கள். அங்கே காத்திருப்போர் பட்டியலில் உங்களைப் போல ஒருத்தி இருக்கிறாள்.

பலிக்கவில்லை என்றால் அதற்கு மேல் அப்பீல் பெரும்பாலும் கிடையாது. திரும்ப எழுதாதீர்கள். உண்மையாகச் சொன்னால், பிழையைத் திருத்திய பிறகும் இல்லை என்று வருவதற்கே வாய்ப்பு அதிகம். வகுப்பு நிரம்பியிருக்கும், 89.8 இருந்தவர்களிலும் பலர் வெளியே நின்றிருப்பார்கள். அங்கேயே படித்தாக வேண்டும் என்றால் மாறுதல் சேர்க்கை என்று ஒரு வழி இருக்கிறது. சேர்ந்த கல்லூரியில் ஒரு வருடமோ இரண்டு வருடமோ நன்றாகப் படித்து, அந்த மதிப்பெண்ணோடு மறுபடி விண்ணப்பிப்பது. கலிஃபோர்னியாவில் சமுதாயக் கல்லூரி (இரண்டாண்டு அரசுக் கல்லூரி) வழியாக வருகிறவர்களுக்கு டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா க்ரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் உத்தரவாத மாறுதல் திட்டமே இருக்கிறது. நிபந்தனைப்படி பாடங்களையும் சராசரியையும் முடித்தால் இடம் உறுதி, சில துறைகள் மட்டும் விலக்கு. பொறியியல் போன்ற நெருக்கடியான துறைகளில் இந்த விலக்கைப் பார்க்காமல் திட்டம் போடாதீர்கள். சேர்ந்த முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு பாடத்தின் விரிவான பாடத்திட்டத்தையும் சேமித்து வையுங்கள், மாறும்போது எந்தப் பாடத்தைக் கணக்கில் எடுப்பது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

ஒரு வருடம் சும்மா இருந்து மறுபடி விண்ணப்பிக்கலாமா என்றால், கையில் இரண்டு இடம் இருக்கிற உங்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். அடுத்த வருடக் கோப்பில் என்ன மாறியிருக்கும் என்று பதில் சொல்ல முடிகிறவர்களுக்கு மட்டும் அது சரிவரும். அந்த வருடத்தில் எங்காவது கல்லூரிப் பாடம் சேர்ந்து படித்தால், சில இடங்களில் முதலாண்டு விண்ணப்பதாரர் என்ற தகுதியே போய்விடும் என்பதும் நினைவிருக்கட்டும். கையில் ஒரு இடம்கூட இல்லாதவர்களுக்கு வழி இன்னும் இருக்கிறது: அமெரிக்காவில் இடம் காலியாக உள்ள கல்லூரிகளின் பட்டியல் மே மாதத்தில் வெளியாகும். பிரிட்டனில், பல்கலைக்கழக விண்ணப்பங்களுக்கான பொது அமைப்பான யூகாஸ் வழியாக ஐந்து விருப்பங்களையும் போட்டு எதுவும் கையில் இல்லாதவர்கள், கூடுதல் விருப்பம் சேர்க்கும் "எக்ஸ்ட்ரா"விலும், ஜூலை முதல் காலி இடங்களை நிரப்பும் "கிளியரிங்"கிலும் முயலலாம்.

கடைசியாக, இறுதித் தேர்வைக் கைவிட்டுவிடாதீர்கள். இடம் கொடுத்த கல்லூரிகள் இறுதி மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டே சேர்க்கையை உறுதி செய்யும், பெரிதாகச் சரிந்தால் கொடுத்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. அந்த இறுதிப் பட்டியலும் உங்கள் பள்ளியின் இதே அலுவலகத்திலிருந்து, இதே கிளார்க் கையிலிருந்துதான் போகப்போகிறது. இந்தத் தடவை அது கிளம்புவதற்கு முன் ஒரு நகலைக் கேட்டு வாங்கி, அங்கேயே நின்று கூட்டிப் பாருங்கள்.